பஸ்ஸா ரயிலா என்று கேட்கப் போனேன்

அடுத்தவர் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்திப் பிழைக்கிறவர்களில், கூரியர்காரருக்கு இருக்கும் மரியாதையில் பாதிகூட சர்வேக்காரிக்குக் கிடையாது. அவராவது கையில் எதையோ கொண்டுவருகிறார். நாம் வெறுங்கையோடு போய் அவர்கள் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு வருகிறோம். குக்கர் விசில் அடிக்கும்போது, குழந்தை அழும்போது, சீரியலில் மாமியார் விஷம் கலக்கும்போது சரியாகப் போய் நிற்போம். இன்ஷூரன்ஸ், வாட்டர் ஃபில்டர், ஜனத்தொகைக் கணக்கு என்று எதற்காகவாவது வாசலில் நின்று பல்லைக் காட்டியவர்களுக்கு நான் மேலே சொல்லவே வேண்டாம்.

நான் இருப்பது புனே பக்கத்துத் தேஹு ரோடு. அப்பா அங்கே ராணுவ டெப்போவில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், கடையில் ஹிந்தி, ரயிலில் மராட்டி என்று வளர்ந்தவள். அந்த மூன்று மொழிதான் எனக்குச் சோறு போடுகிறது. புனேயில் ஓர் ஆராய்ச்சிக் கம்பெனியில் சர்வே எடுக்கிறேன். ஜனங்கள் எதை, எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு ‘மாடல்’ செய்பவர்கள் மேல்மாடியில் ஏசியில் இருப்பார்கள். அந்த ஜனங்களைத் தேடி வெயிலில் அலைகிற கூட்டம் எங்களுடையது. கீழே சொல்வதெல்லாம் ஒரே சர்வேயில் நடந்தவை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஏனென்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

மனசுக்குள் மார்க் ஷீட்

புனேக்கு வெளியே தளேகாவ் தொழிற்பேட்டையில் சில கம்பெனிகள் சேர்ந்து, புனேயின் கடக்கியிலிருந்து வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஒரு பஸ் விடலாமா என்று யோசித்தன. இலவச ஏசி பஸ். தெருமுனையில் ஏறினால் கம்பெனி கேட்டில் இறங்கலாம். இப்போது அவர்கள் லோக்கல் ரயிலுக்குக் காத்திருந்து, தளேகாவில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள். பஸ் விட்டால் வருவார்களா என்று கேட்டுச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை.

மாடல் செய்யும் தம்பி கார்த்திக் கோயம்புத்தூர்க்காரன், புனேக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. என்னிடம் தமிழ் பேசக் கிடைத்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். டேப்பில், அதாவது நான் கையில் கொண்டுபோகும் டேப்லெட்டில், திரைக்குத் திரை இரண்டு வழிகள் வரும். ஏ என்றால் பஸ், இவ்வளவு நேரம், இவ்வளவு நடை. பி என்றால் ரயில், இவ்வளவு காத்திருப்பு, இவ்வளவு கூட்டம். எது வேண்டுமோ அதை அமுக்க வேண்டும். அடுத்த திரையில் நேரமும் நடையும் மாறி மறுபடி அதே கேள்வி. இப்படி அமுக்க அமுக்க அவர்கள் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று மாடல் கண்டுபிடித்துவிடுமாம். “காலங்காத்தால சாப்பாட்டு டப்பா கட்டிட்டு ஓடறவளுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏதுப்பா?” என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளாமல் சொன்னான்: “யோசிக்க வேண்டாமுங்க அக்கா. நமக்கே தெரியாம மனசுக்குள்ள ஒரு மார்க் ஷீட் ஓடீட்டே இருக்கும், எதுக்கு மார்க் ஜாஸ்தியோ அங்க கால் தானா போயிருமுங்க.”

பதில் சொன்ன கணவர்

கடக்கியில் ஒரு வீடு. மனைவிக்குத் தளேகாவில் வேலை. கேள்வி அவளுக்குத்தான். ஆனால் டேப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது கணவர். “அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்று ஒவ்வொரு திரையிலும் ரயிலை அமுக்கினார். ரயிலில் கூட்டம் நிரம்பி வழிகிறது என்று போட்டிருந்தாலும் ரயில்தான். நான் பாவம் போல, அம்மாவே வந்து அமுக்கினால் நல்லது என்றேன். அவர் கேட்ட பாடில்லை.

அந்த அம்மாள் சமையலறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். கையில் சப்பாத்தி மாவு. நேராகக் கணவரைப் பார்த்து ஹிந்தியில் கேட்டாள்: “என்னை ஸ்டேஷன்ல விட்டுட்டு அப்படியே ஃபிரெண்டோட டீ குடிக்கப் போறது நின்னு போயிடும்னுதானே ரயிலை அமுக்கறீங்க?”

செல்விக்கு ஒரே பொத்தான்

திரை மாறினாலும் ஒருவர் ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தால், கேள்வியைப் படிக்காமல் தட்டுகிறார் என்று அர்த்தம். அந்தப் பதில்களை மாடல் தள்ளிவிடும். செல்வி அப்படித்தான் பஸ், பஸ், பஸ் என்று தட்டிக்கொண்டே போனாள். கடக்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மாத்திரை டப்பா பேக்கிங்கில் கான்ட்ராக்ட் வேலை. கடைசித் திரையில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், ரயிலோ உடனே வருகிறது என்று இருந்தது. அதிலும் பஸ்தான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “கொஞ்சம் படிச்சுப் பாத்துத்தான் அமுக்கேம்மா” என்றேன்.

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்போதுதான் நடையைக் கவனித்தேன். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறது. வெளியே எல்லோரிடமும் கட்டுப் பிரித்தாயிற்று, கால் சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறாள். தரையில் மெதுவாக நடந்தால் தெரியாது, படி ஏறினால் உயிர் போகிறது. ஸ்டேஷனிலோ மேம்பாலம் ஏறி இறங்காமல் பிளாட்பாரத்துக்குப் போக முடியாது. இத்தனை நாளாக அண்ணன் மகன் கம்பெனி வரை பைக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அவனுக்கு நாசிக்கில் வேலை கிடைத்துக் கிளம்புகிறான். “கால் இப்படின்னு தெரிஞ்சா சூப்பர்வைசர் நாளைக்கே வேற ஆள வச்சிருவான். உக்காந்து பண்ற வேலை அக்கா, கைதான் வேணும், ஆனா யாரு கேப்பா? யாருகிட்டயும் சொல்லிராதீங்க” என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. டேப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்தாள்: “நீங்க பஸ்ஸ எவ்ளோ கேவலமா காட்டினாலும் நான் அதத்தான் அமுக்குவேன், படிச்சுட்டுத்தான் அமுக்கறேன்.”

பஸ் வந்தது, ஆட்கள் வரவில்லை

மற்ற பெண்களிடமும் கேட்டேன். ரயிலில் ஒன்றாகப் போகிற கூட்டம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவி மங்கல் தாயி. மராட்டியில் தாயி என்றால் அக்கா. கணீரென்ற குரல், யாரையும் அதட்டுகிற உரிமை. அவளும் அவள் கூட்டமும் மளமளவென்று பஸ்ஸை அமுக்கினார்கள். கார்த்திக்கின் மாடல், பஸ் நிரம்பி வழியும் என்றது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஒரு மாதம் சோதனை ஓட்டம் ஆரம்பித்தார்கள். மாதக் கடைசியில் பாதி பஸ்ஸாவது நிரம்பவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள் என்றும் பேச்சு.

முதல் சில நாள் உட்கார இடமில்லை. ஜன்னலோரத்தில் செல்வி புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மங்கல் தாயியின் கூட்டம் மொத்தமாக ரயிலுக்குத் திரும்பிவிட்டது. நான் போய்ப் பார்த்த அன்று செல்வியும், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்குகிற இரண்டு மூன்று பெண்களும்தான் இருந்தார்கள். காலி சீட்டுகளை எண்ணிக்கொண்டே போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்: “மேடம், உங்ககிட்ட பொத்தானை அமுக்கினவங்க எல்லாம் பொத்தானை மட்டும் அமுக்கிட்டுப் போயிட்டாங்களா?”

பட்டாணி உரித்த மாலை

காரணம் கேட்டு வாருங்கள் என்று கார்த்திக் அனுப்பினான். சாயங்காலம் தளேகாவில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். மங்கல் தாயியின் கூட்டம் எதிரெதிர் சீட்டுகளில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு துணி விரித்திருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் வாங்கிய மேத்தி, நம் வெந்தயக் கீரை, ஒரு மடியில், பட்டாணி இன்னொரு மடியில். ஒருத்தி பூண்டு உரிக்கிறாள். ஒருத்தி நாத்தனாரை உரிக்கிறாள். நான் டேப்பை எடுப்பதற்குள் என் மடியிலும் ஒரு கை பட்டாணி வந்து விழுந்தது. உரித்துக்கொண்டே பேசியதில் தேஹு ரோடு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷன் ஆகுர்டியில் இறங்கி எதிர் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

பின்னே ஏன் பஸ்ஸை அமுக்கினீர்கள் என்று கேட்டேன். நீங்கள் வெயிலில் அவ்வளவு தூரம் வந்தீர்கள், வேண்டாம் என்று சொன்னால் உங்கள் மனசு கஷ்டப்படாதா என்றாள் ஒருத்தி. அடிப்பாவி! பஸ்ஸில் நேரம் மிச்சம் ஆகுமே என்றேன். மங்கல் தாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சீக்கிரம் வீட்டுக்குப் போய்? தனியா உட்கார்ந்து இதே கீரையை ஆயணும். அதுவும் பஸ்ஸில் எல்லாரும் முன்னாடி பார்த்து உட்காரணும், கழுத்தைத் திருப்பிப் பேசினால் வலிக்குது, கீழே ஒரு இலை விழுந்தால் டிரைவர் முறைக்கிறான்.” பிறகு அவள் குரல் மாறியது. “செல்விக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ஏசி கிடைச்சதும் எங்களை மறந்துட்டாள். நாங்களும் கூப்பிடலை, அவளும் ஒரு வார்த்தை கேட்கலை.” எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையிலிருந்த பட்டாணியை உரித்துத் துணியில் போட்டேன். அவள் துணியை உதறி மடித்தாள்: “போகட்டும், அவரவர் இஷ்டம், நாம யார் கேட்கறதுக்கு?”

வாய்க்குப் பூட்டு

கார்த்திக்கிடம் கீரைக் கதையைச் சொன்னேன். மற்றவனாக இருந்தால் சிரித்திருப்பான். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து முழுசும் கேட்டான். பயண நேரத்தை நாமாகவே நஷ்டம் என்று வைத்துக்கொண்டோம், அவர்களுக்கு அது லாபம், அடுத்த மாடலில் அதற்கும் ஒரு மார்க் போடலாம் என்றான். அடுத்த மாடல் வருகிறவரை செல்வி என்ன செய்வாள்? அதை அவனிடமும் சொல்ல முடியாது. மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை.

நேராகச் செல்வியிடம் போனேன். “நீயே மங்கல் தாயிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன், என்ன குறைஞ்சு போகுது? அவ ஒண்ணும் ஊரெல்லாம் டமாரம் அடிக்கிறவ இல்லை” என்று திட்டாத குறையாகச் சொன்னேன். உன் வேலை போனால் என்ன செய்வாய் என்றும் கேட்டேன். அவள் காலைத் தடவிக்கொண்டாள். அவர்களுக்கு அந்த ரயில் மட்டும்தான் நாளில் தமக்கென்று இருக்கிற பொழுது, வீட்டுக்குப் போனால் மாமியார், வேலைக்குப் போனால் சூப்பர்வைசர் என்றாள். தானும் அந்தத் துணியைச் சுற்றி உட்கார்ந்தவள்தானாம். “நான் சொன்னா ஓடி வந்துருவாங்க அக்கா, அதான் சொல்லமாட்டேன்.”

மேம்பாலத்தில் ஒரு காலை

பஸ் நிற்பதற்குள் ரயிலில் போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று செல்வி ஒரு நாள் காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்துவிட்டாள். என்னிடமும் சொல்லவில்லை. நான் தற்செயலாகப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன், ரயிலேறுகிற பெண்களை எண்ணுவதற்கு. மங்கல் தாயியின் கூட்டம் வழக்கமான இடத்தில் நின்றிருந்தது. மேம்பாலத்தின் மேல்படியில் யாரோ கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி, பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் கீழே வரும். நிற்பாள். இன்னொரு காலை இழுத்து வைப்பாள். பின்னால் வந்தவர்கள் உச்சுக் கொட்டிக்கொண்டு அவளைத் தாண்டி ஓடினார்கள். புடவையைப் பார்த்துத்தான் செல்வி என்று எனக்குத் தெரிந்தது.

ரயில் வந்தது. மங்கல் தாயி ஒரு காலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள். அவள் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். ரயில் போயே போய்விட்டது. அடுத்த லோக்கல் எவ்வளவு நேரம் கழித்து வரும் என்று அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு அத்தனை பேருக்கும் அரைநாள் சம்பளம் போச்சு. செல்வி கடைசிப் படிக்கு வந்து திரும்பியபோது அவர்கள் எல்லோரும் எதிரே நின்றிருந்தார்கள். அவள் முகம் செத்துவிட்டது. மங்கல் தாயி அவள் தோளிலிருந்து டப்பாப் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு கத்தினாள்: “இத்தனை நாளா நான் உன்னை மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன்டி, வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

காரணம் என்ன என்ற கேள்வி

மறுநாள் பஸ் நிரம்பியது. அதற்கு அடுத்த நாளும் நிரம்பியது. கூட்டம் மொத்தமும் வந்துவிட்டது, வேறு பெட்டிகளில் போகிற பெண்களையும் மங்கல் தாயி அதட்டி இழுத்து வந்திருந்தாள். முன்பக்கம் பார்த்துப் போட்ட சீட்டுகளில் இரண்டிரண்டு பேராக, பள்ளிக்கூடத்தில் இடம் மாற்றி உட்கார வைத்த பிள்ளைகள் போல இருந்தார்கள். கழுத்து வலிக்கிறது என்ற புலம்பலுக்குக் குறைவில்லை. செல்விக்குக் கோபம். யார் உங்களை வரச் சொன்னது, போங்கள் உங்கள் ரயிலுக்கு என்று ஒவ்வொருத்தியாகத் திட்டினாள். திட்டும்போதே அழுதாள். ஜன்னல் பக்கம் நகரு என்று ஒருத்தி அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சோதனை ஓட்டத்தின் கடைசி நாள் நான் டேப்போடு ஏறினேன். ரயிலை விட்டுப் பஸ்ஸுக்கு மாறிய காரணம் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். மங்கல் தாயி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இதில் எழுதுகிறது கம்பெனிக்குப் போகுமா என்று மெல்லக் கேட்டாள். பெயர் போகாது, ஆனால் காரணங்கள் எல்லாம் போகும் என்றேன். இந்தப் பஸ்ஸில் காலை இழுத்து நடக்கிறவள் ஒருத்திதான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி மராட்டியில் சொன்னாள்: “எழுதிக்கோ மேடம், வேகமா போகுது, ஏசி ஜில்லுனு இருக்கு, எங்க எல்லாருக்கும் அதே காரணம்தான்!” பின்சீட்டு வரை அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். சொன்னதை அப்படியே பதிய வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது விதி. பதிந்தேன்.

பஸ்ஸை நிரந்தரமாக்கிவிட்டார்கள். செல்வி அதில்தான் வேலைக்குப் போய்வருகிறாள். கார்த்திக் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே ஓடி வந்தான். கீரை, பட்டாணி எல்லாம் கொஞ்ச நாள் தயக்கம்தான், கடைசியில் நேரமும் வசதியும் ஜெயித்துவிட்டன என்று கிராஃபின் கோடுகளைக் காட்டினான். பாவம், எவ்வளவு சந்தோஷம் அவன் முகத்தில்! உண்மையைச் சொல்ல எனக்கு வழியில்லை, தலையை ஆட்டிவைத்தேன். அவன் சொன்னான்: “பாருங்க அக்கா, நம்ம மாடல் மொதல்லயே சரியாத்தானுங்க சொல்லியிருக்குது, நம்மதான் நடுவுல பயந்துட்டோம்!”

ஜனங்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கும் என்னிடம் ஒரு பதில் பதிவாகியிருக்கிறது.